ஒரகடத்து வண்டியும் இமயத்துச் சாலையும்

மலைநாடு காணும் வேட்கை மக்கட்கு இயல்பாக அமைந்ததொன்று. ஏரியும் வயலுமாய்ப் பரந்த சமவெளியிற் பிறந்து வளர்ந்தார்க்கோ அவ்வேட்கை இருமடங்காகும். விடுமுறை நெருங்குந்தோறும் நம் மாணவர் விடுதியில் எழும் பேச்சிற்கு மலையே பொருளாதலைப் பலரும் அறிவர். முன்னாளில் அப்பேச்சு ஏர்க்காட்டோடும் கோடைக்கானலோடும் அமைந்துவிடும். இந்நாளிலோ அது மணாலியிற் புறப்பட்டு, பனி மூடிய கணவாய்கள் பலவற்றைக் கடந்து, லடாக்கு நாட்டின் லே நகரிற் சென்று முடிகின்றது. மோட்டார் சைக்கிளில் ஏறி அந்நெடுவழியைக் கடந்து மீண்டவன் தன் தோழர் நடுவே ஒரு வீரனாகவே மதிக்கப்படுகின்றான். இவ்வேட்கையைக் குறைகூறுவது எமது கருத்தன்று. இளமைக்கு ஊக்கமும், ஊக்கத்திற்கு உயர்ந்த மலையும் ஏற்றனவே. ஆயினும், அவ்வழியைக் கண்டு மகிழ்வோர் காணாது விடும் பொருள் ஒன்று உண்டு. அதனை எடுத்துக்காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இமயத்துச் சாலையைப் பற்றிப் பேசப் புகுந்த யாம், முதற்கண் நமக்கு அணித்தாயுள்ள ஸ்ரீபெரும்புதூரையும் ஒரகடத்தையும் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். பனிமலைக்கும் இவ்வூர்களுக்கும் தொடர்பு யாதென நண்பர்கள் வினவலாம். தொடர்பு உண்டு, அதுவும் நெருங்கிய தொடர்பே.

இராமாநுசர் பிறந்த தலமென்று பல நூற்றாண்டுகளாகப் புகழ்பெற்ற ஸ்ரீபெரும்புதூர், அண்மைக் காலத்தில் வேறொரு புகழும் எய்தியுள்ளது. 1998-ஆம் ஆண்டில் ஹூண்டாய் நிறுவனத்தார் இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் கார் செய்யத் தொடங்கினர். 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. 2012-இல் பாரத் பென்ஸ் லாரிகளைச் செய்யும் தொழிற்சாலையும் அவ்வூரிலேயே எழுந்தது. 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா என்னும் பெயருடன் தோன்றி, திருவொற்றியூரிற் பல்லாண்டு வண்டி செய்துவந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனம், 2013-இல் ஒரகடத்திலும் 2017-இல் வல்லம் வடகாலிலும் புதிய ஆலைகளைத் திறந்தது. புதிய வண்டிகளை ஓட்டிச் சோதித்தற்கென நடுவணரசின் ஆராய்ச்சி நிலையமொன்றும் ஒரகடத்தில் உள்ளது. ஏரிப் பாசனத்து வயல்களுக்கிடையே மாட்டுவண்டி ஊர்ந்த நிலத்தில் இன்று இரவும் பகலும் ஆலைச் சங்கு ஓய்வதில்லை. நம் கல்லூரியிற் பயின்று வெளியேறியோருள் பலர் அவ்வாலைகளிற் கணக்கராகவும், மேற்பார்வையாளராகவும், அதிகாரிகளாகவும் பணிபுரிகின்றனர்.

மலைச்சாலையை நாடும் இளைஞர் பெரிதும் விரும்பும் 'புல்லட்' வண்டி இவ்வாலைகளிலேயே உருப்பெறுகின்றது. 2016-இல் அந்நிறுவனத்தார் வெளியிட்ட மற்றொரு வண்டிக்கு 'ஹிமாலயன்' என்று இமயத்தின் பெயரையே இட்டனர். ஆதலின், மலையென்று சொல்லத்தக்க மேடொன்றும் இல்லாத ஒரகடத்திற் பிறந்த வண்டி, உலகின் உயர்ந்த கணவாய்களில் ஏறி இறங்குகின்றது. அவ்வண்டியைச் செய்த கை ஒன்று. அஃது ஓடும் வழியைச் செய்த கை மற்றொன்று. இவ்விரண்டனுள் எதனையும் வண்டியேறிச் செல்வோன் காண்பதில்லை. இமயத்துப் பயணத்தைப் பற்றி எழுதப்படுவனவற்றிற் பெரும்பாலன வண்டியின் ஆற்றலையும், ஓட்டியவன் துணிவையும், மலையின் அழகையும் விரித்துரைத்து முடிந்துவிடுகின்றன. யாம் கூறவந்த குறை இதுவே.

இனி அவ்வழியின் இயல்பை நோக்குவோம். மணாலி கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 6,700 அடி உயரத்தில் உள்ளது. லே நகர் ஏறத்தாழ 11,500 அடி உயரத்தில் உள்ளது. இரண்டிற்கும் இடையிலுள்ள வழி 400 கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. முன்னர் இவ்வழியிற் செல்வோர் 13,000 அடிக்கு மேற்பட்ட ரோதாங்குக் கணவாயைக் கடந்தே தீரவேண்டியிருந்தது. 2020 அக்டோபர் 3-ஆம் நாள் திறக்கப்பட்ட அடல் சுரங்கவழி, 9 கிலோமீட்டர் நீளத்திற்கு மலையைக் குடைந்து அவ்வருமையைத் தீர்த்தது. அதற்கப்பால் 16,000 அடியளவில் பாராலாச்சா லா எதிர்ப்படும். பின்னர், 'காட்டா' வளைவுகள் எனப்படும் 21 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி, லாச்சுலுங் லாவைக் கடந்து, பரந்த மோரே சமவெளியில் ஓடி, 17,480 அடி உயரமுள்ள தங்லங் லாவை எய்துதல் வேண்டும். லா என்பது அந்நாட்டு மொழியிற் கணவாயைக் குறிக்குஞ் சொல். அவ்வுயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதிற் பாதியளவே. பத்தடி விரைந்து நடந்தால் மூச்சு இளைக்கும், தலை நோகும், இரவில் உறக்கம் வாராது. பனிக்காலம் வந்ததும் வழி மூடப்படும். மீண்டும் கோடையின் தொடக்கத்திலே பனியை வெட்டி அகற்றியபின்னரே திறக்கப்படும்.

பயணிக்கு இவ்வழி ஒரு காட்சி. ஆனால் லாகூல் பள்ளத்தாக்கின் மக்களுக்கோ இஃது அரிசியும் மருந்தும் வரும் வழி. விளைந்த பட்டாணியையும் உருளைக்கிழங்கையும் சந்தைக்கு அனுப்பும் வழி. பிள்ளைப்பேற்று வேதனையில் உள்ளாளை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் வழி. சுரங்கவழி திறக்கப்படுமுன், ரோதாங்கில் பனி வீழ்ந்ததும் அம்மக்கள் பல திங்கள் புறவுலகத்தோடு சாலைத் தொடர்பின்றி வாழ்ந்தனர். எல்லையைக் காக்கும் படையினர்க்கும் இவ்வழியே உணவும் எரிபொருளும் செல்கின்றன. இத்தகைய வழி ஒருமுறை வெட்டிய அளவில் நிலைத்து நிற்பதன்று. கோடையில் உருகும் பனிநீர் அதனை அரிக்கும்; மண் சரிந்து மூடும்; பாறை உருண்டு உடைக்கும். ஆண்டுதோறும் மீளமீளச் செய்தாலன்றி அங்கே சாலை என்பதொன்று இல்லை. ஆகவே அச்சாலையைச் 'செய்தார்கள்' என்று இறந்தகாலத்திற் கூறுவது பிழை. 'செய்துகொண்டிருக்கிறார்கள்' என்பதே உண்மை.

அங்ஙனம் செய்துகொண்டிருப்போர் யாவர்? 1960-ஆம் ஆண்டு மே திங்கள் 7-ஆம் நாள் தோற்றுவிக்கப்பட்ட எல்லைச் சாலை அமைப்பு இப்பணியை மேற்கொண்டுள்ளது. லடாக்குப் பகுதிக்கென அதன் 'ஹிமாங்க்' பிரிவு 1985-இல் ஏற்பட்டது. அவ்வமைப்பின் பொறியாளர்களும் நிலையான பணியாளர்களும் செய்த அருஞ்செயல்கள் பாராட்டிற்குரியனவே. ஆயின் கல்லை உடைத்துப் பரப்பி, தாரைக் காய்ச்சி ஊற்றுவோருள் மிகப் பலர் அன்றாடக் கூலிக்கு அமர்த்தப்படும் தற்காலிகத் தொழிலாளரே. ஜார்க்கண்டு மாநிலத்துச் சந்தால் பர்கனாவினின்றும், சிறப்பாகத் தும்கா மாவட்டத்தினின்றும், பீகாரினின்றும், நேபாளத்தினின்றும் அவர்கள் வருகின்றனர். அவர்களும் நம்மைப்போற் சமவெளியிற் பிறந்தவரே. குளிரும் உயரமும் அவர்க்கும் புதியனவே. பயணி மூச்சிளைத்துப் பத்து நிமிடம் நின்று, ஒரு படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடும் இடத்தில் அவர்கள் பகல் முழுதும் கல் சுமக்கின்றனர். தார்ப்புகைக்கு அஞ்சி முகத்தைத் துணியாற் சுற்றிக்கொள்கின்றனர். வழியோரத்துக் கூடாரங்களில் இரவைக் கழிக்கின்றனர்.

கார்துங் லா என்னும் கணவாயில் அதன் உயரத்தைக் குறிக்கும் பலகையொன்று உண்டு. அதன் அருகில் நின்று படமெடுத்துக்கொள்ளாது மீள்பவர் அரியர். நெடுங்காலம் அங்கே எழுதப்பட்டிருந்த அளவு 18,380 அடி. அளந்து கண்டவர் கூறும் அளவோ ஏறத்தாழ 17,580 அடி. இவ்வேறுபாட்டைக் குறித்துப் பயணிகள் பலகால் வாதிட்டனர். 2021-இல் உம்லிங் லாவில் 19,024 அடி உயரத்தே அமைந்த சாலை உலகச் சாதனையாக ஏற்றுக்கொள்ளப்பட்டபோது செய்தித்தாள்கள் எல்லாம் அவ்வெண்ணை அச்சிட்டன. எத்தனை அடி என்று கேட்டவர் பலர்; அத்தனை அடி உயரத்தில் கல் உடைத்தவர் யார் என்று கேட்டவர் சிலரே.

அவ்வினாவை நாட்டார் ஒருமுறை கேட்கும்படி நேர்ந்தது. 2020-இல் தொற்றுநோய் பரவி நாடெங்கும் போக்குவரவு நின்றபோது, லடாக்கில் சாலைப் பணிக்குச் சென்றிருந்த ஜார்க்கண்டுத் தொழிலாளர் ஊர் திரும்ப வழியின்றித் தவித்தனர். அவருள் 60 பேரை அம்மாநில அரசு மே திங்கள் 29-ஆம் நாள் லே நகரினின்று விமானத்தில் ஏற்றி ராஞ்சிக்குக் கொணர்ந்தது. பின்னர் அவ்வரசு எல்லைச் சாலை அமைப்போடு பேசி, இடைத்தரகரை நீக்கி, கூலியைத் தொழிலாளரின் வங்கிக் கணக்கிலேயே நேராகச் செலுத்தவேண்டுமென்று வலியுறுத்தியது. அதன்பின்னரே ஜூன் 13-ஆம் நாள் தும்காவினின்று தனி இரயில் ஒன்று 1,600-க்கும் மேற்பட்ட தொழிலாளரை ஏற்றிக்கொண்டு மீண்டும் பனிமலை நோக்கிப் புறப்பட்டது. அதுகாறும், தம் மாநிலத்தார் இத்துணைப் பேர் அம்மலையில் உழைப்பதை அவர்தம் நாட்டாரிற் பலரும் அறிந்திலர்.

இன்னும் ஒன்று கேண்மின். அம்மலையிற் பணிசெய்கையில் ஒரு தற்காலிகத் தொழிலாளி இறந்தால், அவனுடலைப் பதப்படுத்திச் சொந்த ஊருக்கு அனுப்பும் செலவை அரசு ஏற்கும் என்னும் முறை 2023-ஆம் ஆண்டிலேதான் வந்தது. அதற்கு முன் அவ்வுரிமை நிலையான பணியாளர்க்கு மட்டுமே இருந்தது. பணியிடத்திலேயே செய்யப்படும் ஈமச்சடங்கிற்கு அளிக்கப்பட்ட உதவித்தொகை அவ்வாண்டுவரை 1,000 ரூபாய். அப்போதுதான் அது 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இறந்தவன் குடும்பத்திற்கு 10 லட்சம் ரூபாய் கிடைக்கும் காப்பீட்டுத் திட்டம் 2024 ஜனவரியில் ஒப்புதல் பெற்றது. இவை நன்மையே, செய்தாரை வாழ்த்துகின்றோம். ஆயினும் 1960-இற்கும் 2023-இற்கும் இடையே கழிந்த ஆண்டுகள் அறுபத்துமூன்று. அந்நெடுங்காலத்தில் தும்காவின் சிற்றூர்களில் எத்தனை தாய்மார், மகன் உடலை ஒருமுறை காணவும் பெறாது அழுதிருப்பர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சாலையை வெட்டியவனை மறந்து, வெட்டுவித்தவன் பெயரை நிறுத்துதல் இமயத்தில் மட்டும் நிகழ்வதன்று. நம் நாட்டு மலைகளிலும் அதுவே வழக்கம். 1845-இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சார்ந்தோர் கோடைக்கானலில் வீடு கட்டிக் குடியேறினர். அந்நாளில் மலையேறும் வெள்ளையரை, பெரியகுளத்துப் பக்கத்துச் செங்குத்தான வழியில், கூலியாட்கள் டோலியிலும் நாற்காலியிலும் வைத்துத் தோளிற் சுமந்து ஏறினர். அவ்வழிக்குக் 'கூலி காட்' என்றே பெயர் வழங்கிற்று. சுமந்தவனின் தொழில் வழிக்குப் பெயராயிற்று. அவன் சொந்தப் பெயருக்கு அப்பேறு வாய்த்திலது. பின்னர் வத்தலக்குண்டிலிருந்து எழுந்த வண்டிச் சாலைக்கோ, அதனை வகுத்த லா என்னும் பொறியாளர் பெயரே வாய்த்தது. ஆழியாற்றினின்று வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளுள் ஒன்பதாவது வளைவு லோம் என்னும் பொறியாளர் பெயரால் விளங்குகின்றது. இலங்கையிற் கொழும்பினின்று கண்டிக்குச் செல்லும் மலைவழியில், கடுகண்ணாவைக் கணவாயருகே, டாசன் என்னும் பொறியாளருக்கு 1832-இல் எழுப்பிய உயர்ந்த கோபுரம் இன்றும் நிற்கின்றது. அவர்கள் புகழுக்கு உரியரல்லர் என்று யாம் கூறவில்லை. வரைந்தவன் பெயர் நிற்குமிடத்தில் வெட்டியவன் பெயர் நிற்க இடமில்லையோ என்பதே எம் வினா.

இவ்வினாவைக் கேட்கத் தமிழர்க்குத் தனி உரிமை உண்டு. கண்டிச் சீமைக்கென்று கப்பலேறிய நம் மூதாதையர் பலர், தேயிலைத் தோட்டங்களிலேயன்றி அம்மலைநாட்டுச் சாலைப் பணியிலும் இரயில் பணியிலும் உழன்றனர். 1942-ஆம் ஆண்டிலும் அதனையடுத்த ஆண்டிலும் ஜப்பானியர் சயாமிற்கும் பர்மாவிற்கும் இடையே காட்டையும் மலையையும் ஊடுருவி 415 கிலோமீட்டர் இரயில்பாதை அமைத்தபோது, மலேயாத் தோட்டங்களினின்று கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் நோயாலும் பசியாலும் மாண்டனர். அப்பணியில் இறந்த மேனாட்டுப் போர்க் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் கல்லறைகள் வரிசை வரிசையாக உள்ளன. கல்தோறும் பெயர் பொறித்துளது. நம்மவர் புதையுண்ட இடங்களிற் பலவற்றிற்கு ஓர் அடையாளமும் இல்லை. இதனைப் படிக்கும்போது நெஞ்சு நோகாத தமிழர் இரார். அந்நோவு மெய்யாயின், இன்று தும்காவினின்று செல்வோன் பொருட்டும் நாம் நோதல் வேண்டும். நம்மவன் பெயரில்லாது மாண்டால் கொடுமை, பிறன் பெயரில்லாது மாண்டால் இயல்பு என்று கருதுவது அறமாகாது.

மீண்டும் ஒரகடத்திற்கு வருவோம். இமயத்திற் சாலை போடச் செல்வோனுடைய மாவட்டத்தினின்றும், அதன் அண்டை மாவட்டங்களினின்றும் புறப்பட்ட இளைஞரை இங்கும் காணலாம். ஜார்க்கண்டு, பீகார், ஒடிசா, அசாம் முதலிய நாடுகளினின்று வந்தோர் இப்பகுதியின் ஆலைகளிலும், கட்டட வேலைகளிலும், பண்டகசாலைகளிலும் உழைக்கின்றனர். தென்மாவட்டங்களினின்றும் வடமாவட்டங்களினின்றும் வந்த நம் தமிழ்ப் பெண்களும் இளைஞரும் அவர்களோடு உழைக்கின்றனர். அவருட் பலர் ஒப்பந்தக்காரர் வழியே வந்தவர். ஆலையின் நிலையான ஏட்டிற் பெயரில்லாதவர். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கத்தக்க பெருவிடுதி திறக்கப்பட்டது. இது நல்ல தொடக்கம். அவ்வாண்டிலேயே ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியிலுள்ள சாம்சங் ஆலையில் தொழிலாளர் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். தம் சங்கம் பதிவு செய்யப்படவேண்டும் என்பது அவர்தம் கோரிக்கைகளுள் முதன்மையானது. அச்சங்கத்தின் பெயரில் நிறுவனத்தின் பெயர் இடம்பெறலாமோ என்பது வழக்கின் ஒரு பகுதியாயிருந்தது. 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று. இருதிறத்தார் நியாயங்களையும் இங்கே ஆராயப் புகுந்திலேம். கூலி உயர்வைப் போலவே பெயரும் மக்கள் போராடிப் பெறும் பொருளாயிருத்தலை மட்டும் நண்பர்கள் நோக்குக.

இவ்வளவிற்கும் மறுப்புக் கூறுவார் இருப்பர். 'அவர்கள் கூலி பெற்று உழைக்கின்றனர், கணக்குத் தீர்ந்தது, மேலும் யாது கடன்?' என்பர் ஒருசாரார். கூலியால் தீர்வது உழைத்த நேரத்தின் கடன். உயிருக்கு இடையூறான இடத்தில் நின்று ஒருவன் செய்த வழியில் நாம் உயிர் பிழைத்துச் செல்லுங் கடன் கூலியால் தீராது. ஆசிரியர்க்குச் சம்பளம் கொடுத்துவிட்டோம் என்று நன்றியை விடுத்த மாணாக்கனை உலகம் மதிக்குமோ? 'இக்காலத்தில் எல்லாம் இயந்திரங்களே செய்கின்றன' என்பர் மற்றொருசாரார். இயந்திரம் மலையைப் பிளக்கும். அவ்வியந்திரம் ஏற இயலாத சரிவிலும், அஃது உடைத்த கல்லை அடுக்கும் இடத்திலும் மனிதன் கையே வேண்டப்படுகின்றது. ஒரகடத்திலும் இயந்திரக் கைகள் பல உள; அவற்றின் நடுவே நிற்கும் மனிதக் கைகளும் உள.

'பெயர் எழுதுவதால் வயிறு நிரம்புமோ?' என்னும் மூன்றாவது மறுப்பே ஆராயத்தக்கது. நிரம்பும் என்பதே எம் விடை. பிற மாநிலத்திற்குச் சென்று உழைப்போரைக் காத்தற்கென 1979-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் அவன் படம் ஒட்டி, பெயரும் பணியிடமும் கூலியும் குறித்த கைப்புத்தகம் ஒன்றைக் கொடுத்தல் வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. அதன் விதிகள் பின்னர் 2020-ஆம் ஆண்டுத் தொழிற் சட்டத் தொகுப்பினுள் அடக்கப்பட்டன. சட்டம் செய்தோர் அறிந்த உண்மை இது: ஏட்டிற் பெயருடையவனுக்கே கூலிக் குறைவைக் கேட்கும் உரிமை உண்டு, ஏட்டிற் பெயருடையவன் இறந்தாலே காப்பீட்டுத் தொகை அவன் மனைவி மக்களைச் சேரும். பெயரற்றவனை 'ஆள்' என்று எண்ணிக் கணக்கிடுவர். பத்து ஆள் என்பார், இருபது ஆள் என்பார். ஓர் ஆள் குறைந்தால் மற்றோர் ஆளைக் கொண்டு நிரப்புவர். பெயர் என்பது வெறும் புகழ்ச்சியன்று. அதுவே உரிமையின் வாயில்.

ஆதலின் யாம் வேண்டுவன சில. முதலாவது, பண்டைத் தமிழர் போரில் வீழ்ந்தானுக்குக் கல் நட்டனர். அவன் ஊரையும் பெயரையும் செயலையும் அதிற் பொறித்தனர். செங்கம் பகுதியிற் கண்டெடுத்த நடுகற்கள் பல நூற்றாண்டுகளுக்குப் பின்னும் சிற்றூர் வீரரின் பெயரைக் கூறிக்கொண்டு நிற்கின்றன. அம்முறையை மலைச்சாலைகளிலும் கைக்கொள்ளுதல் நன்று. ஒவ்வொரு கணவாயிலும், உயரம் காட்டும் பலகையின் அருகே, அப்பகுதிச் சாலைப் பணியில் உயிர் நீத்தோர் அனைவர் பெயரும் அவரவர் ஊரும் கல்லிற் பொறிக்கப்படுக. அதிகாரிக்கும் அன்றாடக் கூலிக்கும் அக்கல்லில் வேறுபாடு இன்றியிருக்க. வால்பாறைக்கும் கொல்லிமலைக்கும் கோடைக்கானலுக்கும் ஏறும் நம் சாலைகளிலும், இனி நிகழும் பணிகளிலேனும், இம்முறை தொடங்கப்படுக.

இரண்டாவது, ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் உயர்ந்த இடங்களில் அமர்ந்துள்ள பழைய மாணவர்களுக்குக் கூறுவது. ஒப்பந்தத் தொழிலாளரின் பட்டியல் உங்கள் மேசைக்கு வரும்போது எண்ணிக்கையை மட்டும் பார்த்துக் கையொப்பமிடாதீர்கள். பெயர் பிழையின்றி எழுதப்பட்டுள்ளதா, கூலி அவன் கணக்கிற் சேர்கின்றதா, காப்பீடு உண்டா என்று பார்மின். இது சட்டத்திற்குள் அடங்கியதே. இதற்குப் பெருந்துணிவு வேண்டுவதன்று. ஆயினும் ஒரு பெயர் விடுபட்டதைத் திருத்திய அதிகாரி ஒரு குடும்பத்தைக் காத்தவன் ஆவான்.

மூன்றாவது, மாணவ நண்பர்களுக்கு. விடுமுறையில் மலைக்குச் செல்லுங்கள், தடையில்லை. சாலைப் பணி நடக்குமிடத்தில் வண்டியின் விரைவைக் குறையுங்கள். புழுதியை அவர்கள் முகத்தில் எறிந்து செல்லாதீர்கள். வறுமையை வேடிக்கைப் பொருளாக எண்ணி அவர்கள் குழந்தைகளைப் படமெடுத்து வராதீர்கள். ஒரு நிமிடம் நின்று, எந்த ஊர், என்ன பெயர் என்று கேளுங்கள். உங்கள் ஊரையும் பெயரையும் சொல்லுங்கள். மீண்டு வந்து எழுதும் பயணக் கட்டுரையில் கணவாயின் பெயரோடு அவன் பெயரும் அவன் இசைவோடு இடம்பெறட்டும். இமயம் செல்ல இயலாதார் வருந்தவேண்டா. ஒரகடம் அண்மையில் உள்ளது. இரவுப் பள்ளி நடத்துதல் மிஷன் கல்லூரிகளுக்குப் புதியதன்று. வாரத்தில் ஒருநாள் மாலை, வெளிநாட்டார்போல் நம்மிடையே வாழும் அவ்வடநாட்டு இளைஞருக்குத் தமிழ் எழுத்தைக் கற்பிக்க நம்முள் இருபதின்மர் முன்வந்தாற் போதும். பேருந்தின் பலகையையும், கூலிச் சீட்டையும், மருத்துவமனை வாயிலையும் தாமே படிக்கும் ஆற்றல் அவர்க்கு உண்டாகும். அவர் பெயரைத் தமிழில் அவரே எழுதக் காண்பது நமக்கும் ஒரு கல்வியாகும்.

வழி என்னும் சொல் தமிழில் பாதையையும் குறிக்கும், மரபையும் குறிக்கும். இன்னார் வழி வந்தோம் என்று கூறிக்கொள்வதில் நமக்குப் பெருமை உண்டு. மலையிற் செல்லும் வழி யார் கையால் வந்தது என்று அறிதலும் அப்பெருமையின் ஒரு கூறே. வண்டி பழையதாகும், பலகையிலுள்ள உயரமும் மாறும், மேலும் உயர்ந்த கணவாயில் நாளை ஒரு சாலை எழும். அதனை எழுப்பப் போகின்றவன் இன்று தும்காவிலோ, தருமபுரியிலோ, நமது அண்டை ஊரிலோ ஒரு சிறுவனாய் விளையாடிக்கொண்டிருப்பான். அவன் பெயரை உலகம் அறியும் காலம் வருக. அக்காலத்தை விரைவிற் கொணர்வோருள் நம் கல்லூரி மாணவரும் இருப்பாராக.